வயலுக்குள் கோட்டை மேடு: வெளியே சொன்னால் நிலம் போய்விடுமா?

காவிரிக்கு வடக்கே உள்ள ஒரு மாவட்டத்திலிருந்து, ஐம்பதைத் தாண்டிய ஒரு விவசாயப் பெண்மணி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு மகன், ஒரு மகள். கணவரும் அவருடைய தம்பியும் பெயரிட்ட கூட்டுப் பட்டாவில் மூன்றரை ஏக்கர் நிலம். இன்னும் பாகம் பிரிக்கவில்லை. நிலத்தின் வடக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் மேடு வளைந்து போகிறது. அதை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு நீளமான பள்ளம். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். ஊரில் எல்லோரும் அதைக் 'கோட்டை மேடு' என்பார்கள். மேட்டின் ஒரு முனையில் முனியப்பன் கல் இருக்கிறது, ஆடியில் பொங்கல் வைப்பார்கள். போன பட்டத்தில் களை எடுக்க வந்த பெண் ஒருவர் மேட்டடியில் ஒரு சின்னக் கலயத்தைக் கண்டெடுத்திருக்கிறார். உள்ளே பச்சை பூத்த செப்புக் காசுகள். அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, காசுகளைப் பூசை அறையில் வைத்திருக்கிறார். மகன் எடுத்த படம் வாட்ஸாப்பில் சுற்றியது. அதிலிருந்து அமாவாசை இரவுகளில் யாரோ வந்து மேட்டைத் தோண்டிப் போகிறார்கள். வெளியூர் ஆள் ஒருவர் காசுக்கு லட்சக் கணக்கில் விலை பேசுகிறார். இதற்கு நடுவில் கொழுந்தனார், "வேலூர்க் கோட்டை, செஞ்சிக் கோட்டை மாதிரி கல்லா இருக்கு? வெறும் மண்ணுதானே. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா நிலத்தையே எடுத்துக்குவான், அதுக்கு முன்னாடி ஜேசிபி விட்டு நிரவிட்டு மண்ணைச் சூளைக்கு வித்துடலாம்" என்கிறார். செங்கல் சூளைக்காரர் முன்பணமும் கொடுத்துவிட்டாராம்.

அவர் கேட்பது இவை: மேட்டை நிரவினால் குற்றமா? அரசுக்குச் சொன்னால் நிலம் போகுமா? காசுகளை என்ன செய்வது? அந்த இடத்தில் தென்னை வைக்கலாமா, மகனுக்கு வீடு கட்டலாமா? முனியப்பன் பொங்கலை நிறுத்திவிடுவார்களா?

அம்மா, உங்கள் கடிதத்தோடு வந்த படங்களையும் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒரே வேலைதான்: ஜேசிபி வயலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது. நிரவிய மேட்டை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது.

வெறும் மண்ணா?

கொழுந்தனார் சொல்வதில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அது அவருடையது மட்டும் இல்லை, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோட்டை என்றாலே கருங்கல் மதில் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கல் எங்கே கிடைக்கிறது? அகழியைத் தோண்டினார்கள், தோண்டிய மண்ணை உள்பக்கம் கொட்டி மேடாக்கிக் கெட்டித்தார்கள், வசதி இருந்த இடத்தில் மேலே செங்கல் வைத்தார்கள். பள்ளமும் மேடும் ஒரே வேலையில் உருவானவை. உங்கள் வயலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது அதனால்தான்.

புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் மதில் இன்றைக்கு மரமும் புதரும் மூடிய மேடாகத்தான் தெரியும், சுற்றி அகழி. அங்கே 2021 இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்துக்குப் பெயரே மாளிகைமேடு. அது இருக்கும் கிராமம் உட்கோட்டை. அங்கே நிமிர்ந்து நிற்கும் சுவர் எதுவும் கிடையாது. மண்ணுக்கடியில் செங்கல் அடித்தளம், கூரை ஓடு, சீனப் பீங்கான் துண்டுகள் என்று வந்தன. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் மண் கோட்டைதான். 1801 இல் கம்பெனிப் படை முதல் தாக்குதலில் தோற்றுத் திரும்பி, மே மாதம்தான் அதைப் பிடிக்க முடிந்தது. வெறும் மண் என்று அன்றைக்குப் பீரங்கி கொண்டுவந்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் மேடு எந்தக் காலத்தது என்று நான் சொல்ல முடியாது, அது என் தொழில் இல்லை. ஆனால் தொல்லியல்காரர்கள் இப்படிப்பட்ட மேட்டில் எதைத் தேடுவார்கள் என்று வழக்குகளுக்காக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். புதையலைத் தேடுவதில்லை. மேட்டைக் குறுக்காக ஒரு இடத்தில் மட்டும் வெட்டி, மண் அடுக்குகளின் நிறத்தைப் பார்ப்பார்கள். அகழியின் அடி ஆழத்து மண் கடைசியாகத்தான் வெளியே வரும், அதனால் அது மேட்டின் உச்சியில் கிடக்கும். மேல்மண் அடியில் கிடக்கும். அதாவது அடுக்கு தலைகீழாக இருக்கும். அதற்கும் கீழே, மேடு போடுவதற்கு முந்தைய நாளின் பழைய தரை அப்படியே மூடிக் கிடக்கும். அந்தத் தரையில் ஒட்டியிருக்கும் ஒரு கரித்துண்டோ பானை ஓடோதான் மேட்டின் வயதைச் சொல்லும். நீங்கள் அனுப்பிய ஒரு படத்தில், பள்ளம் வளைகிற இடத்தில் கடலைச் செடி மட்டும் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக நிற்கிறது. தூர்ந்த அகழியில் வண்டலும் ஈரமும் அதிகம், செடிக்கு அது தெரியும். ஜேசிபி அரை நாள் ஓடினால் இந்த அடுக்கு முழுக்கக் கலைந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது நிஜமாகவே வெறும் மண்தான்.

அரசுக்குச் சொன்னால்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் அப்படி இல்லை. சொல்வதனால் மட்டும் ஒரு சென்ட் நிலம்கூட அரசுக்குப் போய்விடாது.

நினைவுச்சின்னங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 1958 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், இன்னொன்று 1966 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். இரண்டிலும் ஒரு இடம் அறிவிக்கை மூலம் 'பாதுகாக்கப்பட்ட இடம்' ஆனால்தான் கட்டுப்பாடுகள் தொடங்கும். ஊரார் கோட்டை என்று சொல்வதாலோ, பத்திரிகையில் படம் வருவதாலோ அது பாதுகாக்கப்பட்ட இடம் ஆகிவிடாது. மத்தியச் சட்டப்படி அறிவிப்பதானால் முதலில் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதன் நகலை அந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். நிலத்தில் உரிமை உள்ள எவரும் அந்த இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம். உங்களுக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற காரியம் இல்லை.

சரி, அறிவித்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பராமரிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசுக்கு நிலமே வேண்டும் என்றால் கையகப்படுத்தித்தான் ஆக வேண்டும். கையகப்படுத்தினால் இழப்பீடு உண்டு. 2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் உள்ள இழப்பீட்டு விதிகள், 1958 சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கும் 2015 முதல் பொருந்தும். சந்தை மதிப்புக்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் அதில் அடங்கும். நடைமுறையில் நான் பார்த்தது வேறு. தொல்லியல் துறையிடம் மனுமேல் மனு போட்டும் ஒரு மேட்டைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்க முடியாமல் அலைகிற ஊர்க்காரர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். பறித்துக்கொண்டார்கள் என்று வந்தவர்கள் குறைவு.

அகழாய்வு என்றாலும் இதே கதைதான். கீழடியில் ஆய்வுக் குழிகள் வெட்டியது தனியார் தென்னந்தோப்புகளில். உரிமையாளர்கள் இடம் கொடுத்தார்கள், வேலை முடிந்த குழிகளை மூடிக் கொடுத்தார்கள். பாதுகாக்கப்படாத இடத்தில் மத்தியத் தொல்லியல் அதிகாரி தோண்ட வேண்டுமானால்கூட ஆட்சியருக்கும் நில உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதனால் உங்களுக்கு விளைச்சல் நட்டமோ வேறு சேதமோ வந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை மத்தியச் சட்டத்தின் 27 ஆம் பிரிவில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், எவ்வளவு இடம், எத்தனை மாதம், குழியை மூடித் தருவது யார் பொறுப்பு என்ற மூன்றையும் காகிதத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் சம்மதம் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேட்டை விட்டுவைத்ததற்காக அரசு உங்களுக்கு மாதாமாதம் பணம் எதுவும் தராது. யாராவது அப்படிச் சொல்லி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள்.

மண்ணை விற்பது

நிரவினால் குற்றமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். பதில் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. உங்கள் சர்வே எண் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை என்றால், நினைவுச்சின்னச் சட்டம் குறுக்கே வராது. சட்டத்தில் இது ஒரு பெரிய ஓட்டை, எனக்கும் அதில் வருத்தம்தான். பட்டியலில் இருந்தால் கதை மாறும். மத்தியப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அது உரிமையாளருக்கும் பொருந்தும்.

ஆனால் உங்கள் கொழுந்தனார் மாட்டப்போவது வேறு சட்டத்தில். செங்கல் மண் சிறுகனிமம். சொந்தப் பட்டா நிலமே ஆனாலும், அனுமதி வாங்காமல் வெட்டி வெளியே கொண்டுபோய் விற்றால் 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் பாயும். ஐந்து வருடம் வரை சிறையும் ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஜேசிபியையும் லாரியையும் பறிமுதல் செய்யலாம். நோட்டீஸ் வரும்போது சூளைக்காரர் பெயருக்கு மட்டும் வராது, பட்டாவில் பெயர் உள்ளவர்களுக்கும் வரும். 'முன்பணம் வாங்கிவிட்டோம், இனி என்ன செய்ய' என்று தயங்க வேண்டாம். அனுமதி இல்லாத மண் விற்பனைக்கான ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றத்திலும் அவர் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம். பாகம் பிரியாத நிலத்தில் ஒரு பங்குதாரர் மற்றவர்களைக் கேட்காமல் நிலத்தின் அமைப்பையே அழிக்க முடியாது. உங்கள் கணவரின் பங்கில் உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமான உரிமை இருக்கிறது. கணவர் இறந்தபோது மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவில் கணவர் பெயருக்குப் பதில் உங்கள் மூன்று பேர் பெயரையும் ஏற்றிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏற்றவில்லை என்றால் உடனே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மேட்டுக்காக இல்லாவிட்டாலும் அது உங்களுக்குத் தேவை.

கொழுந்தனார் கேட்கவே இல்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, கூடவே மண் எடுக்க இடைக்காலத் தடையாணை கேட்கலாம். கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வழக்குக்கு முன்னால் பேசிப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. மேடும் பள்ளமும் சேர்ந்து அரை ஏக்கர் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாகம் பிரிக்கும்போது அந்தப் பகுதியை உங்கள் பங்கில் வைத்துக்கொண்டு, அவருக்குச் சமதளத்தில் சரிக்கட்டிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அவருக்கு வேண்டியது விளைகிற நிலம். உங்களுக்கு நிம்மதி. பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவும் செய்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

பூசை அறையில் இருக்கும் காசுகள்

இதில்தான் அம்மா, நீங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'என் நிலத்தில் கிடைத்தது எனக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் கூடிய சீக்கிரம் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878 இல் போட்ட கணக்கு, யாரும் மாற்றவில்லை. தெரிவிக்காமல் மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும், ஒரு வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். மறைக்க உடந்தையாக இருந்த நில உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை.

இங்கே 'கண்டெடுத்தவர்' யார்? நீங்கள் இல்லை, களை எடுக்க வந்த அந்தப் பெண். யாரும் உரிமை கோராமல் அது உடைமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, அரசும் வாங்கிக்கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலக்காரருக்கு என்று சட்டம் சொல்கிறது. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். நீங்கள் கொடுத்த புடவை அன்பளிப்பு, அது பங்கைத் தீர்த்ததாக ஆகாது. அவரையும் கூப்பிட்டு, கடிதத்தில் அவர் பெயரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர் படிக்காதவர் என்பதால் விட்டுவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் முதல் கடமையும் முதல் உரிமையும் அவருடையவை.

மாதங்கள் ஓடிவிட்டனவே என்று பயப்பட வேண்டாம். நீங்களாகவே போய்ச் சொல்வது வேறு, போலீஸ் வந்து எடுப்பது வேறு. கடிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு. எங்கள் கூட்டுப் பட்டா நிலம் சர்வே எண் இன்னதில், இன்ன தேதியில் களை எடுக்கும்போது, மண் கலயம் ஒன்றும் அதில் இத்தனை செப்புக் காசுகளும் கிடைத்தன. கண்டெடுத்தவர் இன்னார். பொருள்கள் அனைத்தும் பத்திரமாக உள்ளன. சட்டம் தெரியாததால் உடனே தெரிவிக்கவில்லை. எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதே இடத்தில் பழைய கோட்டையின் மேடும் அகழியும் இருப்பதாக ஊரில் சொல்கிறார்கள். தொல்லியல் துறையினர் வந்து பார்க்கவும் வேண்டுகிறோம்.'

பொருளின் தன்மை, தோராயமான அளவு அல்லது மதிப்பு, இடம், தேதி. கடிதத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது இவ்வளவுதான். நகல் ஒன்று வட்டாட்சியருக்கு, ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நிலப் பத்திரத்தோடு வையுங்கள். கையில் கொடுத்தால் முத்திரை போட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். கலயத்தையும் காசுகளையும் எங்கே ஒப்படைத்தாலும் எத்தனை, என்ன எடை என்று எழுதிய ஒப்புகை வேண்டும்.

விலை பேசுகிறவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிந்த காசில் ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. ராஜராஜன் பெயரில் வெளிவந்த செப்புக் காசுகள் அப்படித்தான் இருக்கும். நாணயம் சேகரிப்பவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணக்கிடைக்கிற வகை அது. லட்சத்துக்கு வாய்ப்பே இல்லை. அவர் உண்மையில் வாங்க நினைப்பது காசை இல்லை, உங்கள் மேட்டைத் தோண்ட அனுமதியை என்று எனக்குத் தோன்றுகிறது. தவிர, நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம் சிறை. காசை விளக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சையோடு எழுத்தும் போய்விடும். கலயத்துக்குள் இருக்கும் மண்ணையும் கொட்ட வேண்டாம், அதுவும் சான்றுதான்.

உழவு, தென்னை, வீடு

விவசாயத்தை நிறுத்த வேண்டுமோ என்று கவலைப்படுகிறீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்திலேயே ஒரு அடி ஆழத்துக்கு மேல் தோண்டாத சாகுபடியை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. அறிவிக்கப்படாத உங்கள் நிலத்தில் அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. ஆனாலும் அந்த ஒரு அடியை நீங்களாகவே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கடலை, உளுந்து, எள் எல்லாம் தாராளமாகப் போடலாம். சாதாரணக் கொத்துக்கலப்பை ஓட்டினாலும் பரவாயில்லை. உளிக்கலப்பை வேண்டாம், அது ஒன்றரை அடி வரை கிழிக்கும். தென்னைக்கு மூன்றடிக் குழி வெட்டுவீர்கள், ஐம்பது கன்று வைத்தால் ஐம்பது ஓட்டை. அதை மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். மேட்டின் சரிவில் புல் இருந்தால் உழாமல் அப்படியே விடுங்கள். மழையில் கரையாமல் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு விஷயத்தில் யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். நூறு மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கு அடுத்த இருநூறு மீட்டரில் அனுமதி வேண்டும் என்ற விதி 2010 இல் சட்டத்திலேயே ஏறியது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களின் எல்லையிலிருந்துதான் அதை அளப்பார்கள். உங்கள் இடம் அந்தப் பட்டியலில் இல்லாதவரை அது உங்களைக் கட்டாது. வழக்கமான வரைபட அனுமதி போதும். பின்னாளில் அறிவிக்கை வந்தால் நிலைமை மாறும் என்பதால், வீட்டை ரோட்டுப் பக்கம், மேட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுவது புத்திசாலித்தனம்.

காகிதங்கள்

பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று நான் 'இருந்தால்', 'இல்லாவிட்டால்' போட்டுக்கொண்டே போகிறேன். அதைத் தீர்த்துக்கொள்ள வழி சுலபம். மாநிலத் தொல்லியல் துறைக்கும், மத்தியத் தொல்லியல் துறையில் உங்கள் மாவட்டம் எந்த வட்டத்தில் வருகிறதோ அந்த அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனு போடுங்கள். திருச்சியில் 2020 இல் தனி வட்டம் வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் சென்னைக்கு எழுத வேண்டியதில்லை. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிராமம், இந்த சர்வே எண், பாதுகாக்கப்பட்ட இடமா?

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஏ-பதிவேட்டு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட அகழிகள் பல ஊர்களில் பழைய ஆவணத்தில் குட்டை, ஓடை, புறம்போக்கு என்று தனி எண்ணில் இருக்கும். தலைமுறையாக உழுதுவருவதால் குடும்பத்துக்கே அது தெரியாது. பள்ளம் புறம்போக்காக இருந்தால் அதை நிரவுவது இன்னொரு வழக்கு, பாகப்பிரிவினையிலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகல் கிடைத்தால் அதையும் கேளுங்கள், பழைய எண்ணும் குறிப்பும் அதில்தான் தெளிவாக இருக்கும். பட்டா வரி கட்டுகிறவரைக் காட்டும் ஆவணம், அதை மட்டும் வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது. மூலப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள்.

ராத்திரியில் தோண்ட வருகிறவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சம்ஹிதையின் 329 ஆம் பிரிவில் குற்றம். மண்ணோடு இருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது, தோண்டி எடுத்த நொடியிலிருந்து அது திருட்டு, 303 ஆம் பிரிவு. தோண்டிய குழிகளைத் தேதியோடு படம் எடுங்கள், ஆனால் மகன் அதை மறுபடி குரூப்பில் போட வேண்டாம். பழைய படத்தையும் முடிந்தால் அழிக்கச் சொல்லுங்கள். பூசாரியை வைத்துப் பரிகாரம், நரபலி என்று பேச்சு அடிபட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காவல் கண்காணிப்பாளர் வரை போய்விடுங்கள்.

கடைசியாக முனியப்பன். அறிவிக்கை இல்லாதவரை பொங்கலை யாரும் கேட்க மாட்டார்கள். அறிவிக்கை வந்தாலும் வழிபாடு நடந்துவருகிற இடம் என்று உங்கள் ஊரார் அந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் அது பதிவாகும், அதனால் பொங்கல் படங்கள் பழசு ஏதாவது இருந்தால் சேர்த்து வையுங்கள். நான் பயப்படுவது அறிவிக்கையை அல்ல, நன்கொடையை. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பி, மேட்டை வெட்டிப் படி கட்டி, கான்கிரீட் மண்டபம் எழுப்பிய இடங்கள் நிறைய. உங்கள் ஊரிலும் பேச்சு கிளம்பியிருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கொட்டகை போடுவதானால் மேட்டுக்குக் கீழே உள்பக்கச் சமதளத்தில் போடுங்கள், தூண் குழி ஒரு அடிக்கு மேல் போகாமல் தகரக் கொட்டகையாக இருக்கட்டும். நிலம் உங்களுடையது என்பதால் கமிட்டியிடம் இதை எழுத்திலேயே கொடுங்கள், கீழே கொழுந்தனார் கையெழுத்தும் இருந்தால் நல்லது.